பாலத்தைத் திட்டி என்ன பயன்?

2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நம் சங்கப் பொங்கல் விழாவுக்கு நான் தனியாகத்தான் வந்து போனேன். "வீட்டில வரலையா?" என்று கேட்ட அன்பர்களுக்கெல்லாம் "முழங்கால் வலி" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இங்கே எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க. ஆனா முதல்ல உங்களைப் பத்தி எழுதுங்க. மத்தவங்களைப் பத்தி அப்புறம்" என்றாள். நியாயமான நிபந்தனை. அந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

2023 பொங்கல் விழா. நம் மண்டபத்தில் நிகழ்ச்சி கீழே, பந்தி மாடியில் என்பது எல்லோருக்கும் தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி அவள் ஏறினாள். பின்னால் வந்த ஒருவர், "என்னக்கா, இதுக்கே இப்படி மூச்சு வாங்குறீங்க? காலையில ரெண்டு ரவுண்டு நடக்கக் கூடாதா?" என்றார். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "சோத்தை நிறுத்திட்டுச் சப்பாத்திக்கு மாறுங்க, ஒரே மாசத்துல பாருங்க" என்றார். பாயசம் வந்தது. பரிமாறிய இளைஞரிடம் யாரோ, "அக்காவுக்கு வேண்டாம்ப்பா, தாண்டிப் போ" என்றார்கள். வாளியும் தாண்டிப் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

அன்று சொன்னவர்கள் ஒரு நாள் சொன்னார்கள். நான் ஆறேழு வருடமாக அதையே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 38 வருடம் வேலை பார்த்தவன். கேங்மேன்களோடு நாள் முழுக்கத் தண்டவாள ஓரம் நடந்தவன். நடந்தால் எதுவும் கரையும் என்பது என் சித்தாந்தம். 2018-ல் ஓய்வு பெற்றதும், இனி நேரம் இருக்கிறது என்று மனைவிக்கு ஓர் அட்டவணை போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலை ஐந்தரைக்கு அம்பாசரி ஏரிக்கரை, நாலு கிலோமீட்டர். மாலையில் இரண்டு. வாரம் ஒருமுறை எடை. ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் ரிஜிஸ்டர் போலத் தேதி வாரியாக எழுதினேன்.

முதல் மாதம் அவள் நடந்தாள். இரண்டாம் மாதம் முழங்கால் வீங்கியது. ஒரு வாரம் படுக்கை. மறுபடி நடை, மறுபடி வீக்கம். எடை முள் நகரவில்லை. 79 இருந்தது 82 ஆயிற்று. உயரம் 155 சென்டிமீட்டர். "நீ எனக்குத் தெரியாம ஏதோ சாப்பிடுற" என்று ஒருநாள் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் என் முன்னால் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் என் கண்முன்னால் வேறு பல விஷயங்களும் இருந்தன. நாக்பூரில் மார்ச் மாதமே அனல் கிளம்பிவிடும். எல்லோரும் மின்விசிறியைச் சுற்றவிடும்போது அவள் போர்வை கேட்டாள். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். சீப்பில் கொத்தாக முடி. மலச்சிக்கல். நவராத்திரிக் கொலுவில் பாடுபவள், இரண்டு வருடமாகக் குரல் கட்டிப்போய் "எனக்கு வரலை" என்று ஒதுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் கண்டுபிடித்தேன். குளிருக்கு வயது, தூக்கத்துக்குச் சோம்பல், முடிக்குத் தண்ணீர், குரலுக்குப் பழக்கம் விட்டுப்போனது. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தண்டவாளத்தில் நாலு இடத்தில் ஒரே மாதிரி விரிசல் கண்டால், அடியில் ஒரே காரணம்தான் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான்.

முழங்காலைக் காட்டப் போன இடங்களிலும் கதை அதேதான். "எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஒருவர். "இந்த எடைக்கு வலிக்காமல் என்ன செய்யும்?" என்று இன்னொருவர். எடை குறைய நடக்க வேண்டும். நடக்க வலி குறைய வேண்டும். வலி குறைய எடை குறைய வேண்டும். சிக்னல் கிடைக்காமல் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு வண்டிகளின் நிலைமைதான்.

2023 மார்ச்சில் ஓர் இளம் பெண் மருத்துவர், அவள் பேசிய குரலை வைத்தே, "அம்மா, தைராய்டு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற ஓர் அளவு. ஏறத்தாழ 4 வரை இருக்கலாம், அவளுக்கு 18. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாதபோது, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை விரட்டி வேலை வாங்கப் பார்க்கிறது. விரட்டும் ஹார்மோன்தான் இந்த டி.எஸ்.எச். சுரப்பி எவ்வளவு மந்தமோ, விரட்டல் அவ்வளவு அதிகம். குளிர், தூக்கம், முடி, மலச்சிக்கல், குரல் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். வீட்டுக்கு வந்ததும் கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

இத்தோடு கதை சுபம் என்றால் அது பொய். மாத்திரை தொடங்கி ஒரு வருடம் ஆகியும் அளவு இறங்கவில்லை. மாத்திரையின் பலத்தை இரண்டு முறை கூட்டினார்கள். பிறகுதான் ஒரு நாள் மருத்துவர், "எப்போது, எதோடு சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். நம் வீட்டில் கேட்க வேண்டுமா? காலையில் டிகிரி காபியோடுதான். பத்து நிமிடம் கழித்து, முழங்காலுக்கு என்று யாரோ எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை. காபியும் சரி, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் சரி, தைராக்ஸினை உடம்பு ஏற்கவிடாமல் தடுப்பவை. இப்போது ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு. நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்றார் மருத்துவர். மூன்றே மாதத்தில் அளவு சரிக்கு வந்தது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீடுகளில் எத்தனை பேர் இந்த மாத்திரையைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ! கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோதான். அதிலும் பெரும் பங்கு உப்பும் நீரும். மாத்திரை சரியாக வேலை செய்ததும் அவளுக்கு இரண்டு கிலோ தானாக இறங்கியது. மற்றதெல்லாம் அப்படியே நின்றது. ஆகவே "எல்லாம் தைராய்டு" என்று கையைக் கட்டிக்கொள்வதும் தவறு. தைராய்டு சரியாக இருப்பவர்கள் இளைப்பதற்காக இந்த மாத்திரையைச் சாப்பிடுவது அதைவிடப் பெரிய தவறு. இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு.

அப்படியானால் மீதி எடைக்கு என்ன வழி? இங்கேதான் என் பழைய வேலையை நினைத்துக்கொண்டேன்.

ஒரு பாலத்தில் குறை தெரிந்தால் நாங்கள் என்ன செய்வோம்? முதலில் காஷன் ஆர்டர். 'இந்த இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர்' என்று டிரைவருக்கு எழுத்தில் கொடுத்துவிடுவோம். அடுத்து ஆய்வு. அடுத்து பழுது பார்த்தல். சரியானதும் 20-ஐ 45 ஆக்கி, 75 ஆக்கிப் படிப்படியாகத்தான் பழைய வேகத்துக்குப் போவோம். பழுதான பாலத்தின் மேல் முழு வேகத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்து, "தாங்கிப் பழகட்டும்" என்று சொன்ன பொறியாளரை நான் பார்த்ததில்லை. பாலத்தைப் பார்த்து "உனக்கு மன உறுதி இல்லை" என்று திட்டியவரையும் பார்த்ததில்லை. இரும்புக்கும் கல்லுக்கும் காட்டிய அந்த நிதானத்தை என் வீட்டு மனுஷிக்கு நான் காட்டவில்லை.

வலிதான் முதலில் போட வேண்டிய காஷன் ஆர்டர். வலியோடு நட என்பது வைத்தியம் அல்ல. வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். அரிவாள்மணை பரணுக்குப் போயிற்று; காய் நறுக்குவது மேசையில், கத்தியால். பழைய கழிவறையை மாற்றி உட்காரும் கோப்பை வைத்தோம். குந்தி உட்கார்ந்து எழுவதுதான் தேய்ந்த முழங்காலுக்கு முதல் எதிரி. வாசல் கோலம் இப்போது நான் போடுகிறேன். புள்ளி ஒருபக்கம், கோடு ஒருபக்கம் ஓடுகிறது. எதிர் வீட்டு மராட்டிக்கார அம்மாள் தினமும் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்தது உணவு. இதில்தான் நான் பெரிய ஏமாளியாக இருந்திருக்கிறேன். நடையால்தான் எடை குறையும் என்று நம்பியவன் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் இருவருக்கும் மாதம் 4 லிட்டர் எண்ணெய் ஆகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 66 மில்லி. அதைப் பாதியாக்கினால் ஆளுக்குச் சுமார் 270 கலோரி மிச்சம். 82 கிலோ உள்ளவர் 270 கலோரியை நடந்தே செலவழிக்க வேண்டுமானால் ஏறத்தாழ நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதாவது, நான் அவளை ஏரிக்கரையில் இழுத்தடித்த அதே நாலு கிலோமீட்டர்! எண்ணெய்த் தூக்கைப் பாதியாக்க முழங்கால் தேவையே இல்லை. முதல் தேதி இரண்டு லிட்டர் வாங்குவோம். தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்த முதல் தேதி வரை மறு பாக்கெட் கிடையாது. அப்பளம் சுட்டதாயிற்று. உருளைக்கிழங்கு ரோஸ்ட் ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாயிற்று.

சப்பாத்தி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களில் இது ஒரு மதம் போல ஆகிவிட்டது. இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் சாதமும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றே. நெய் தடவினால் சப்பாத்தி முந்திக்கொள்ளும். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது அது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தையே குறைக்க வேண்டும் என்பதும் அதில் உள்ள செய்தி. எங்கள் வீட்டில் சாதம் நிற்கவில்லை. ஒரு கிண்ணமாகக் குறைந்தது. அந்த இடத்தில் கூட்டு, சுண்டல், தயிர் வந்தன. வயதானவர்கள் வெறும் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரைந்துவிடும். முழங்காலைத் தாங்குவதே தொடைச் சதைதான். பருப்பு, பயறு, பால், முட்டை இவற்றில் குறைவு வைக்கக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. கோஸ், காலிஃப்ளவரைத் தைராய்டுக்காரர்கள் தொடவே கூடாது என்று வாட்ஸப்பில் வருவதை நம்ப வேண்டாம். சமைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

உடற்பயிற்சி கடைசியில் வந்தது. அதுவும் நாற்காலியில். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குவது. காலுக்குப் பத்து முறை. கட்டிலில் படுத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அன்று பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது என்றார் பிசியோதெரபி நிபுணர். ஆறு மாதம் கழித்துத்தான் நடை. அதுவும் இரண்டாயிரம் அடி. தண்ணீரில் நடப்பது இன்னும் நல்லது. இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியை நீரே தாங்கிக்கொள்ளும்.

பலன் என்ன? 2024 பிப்ரவரியிலிருந்து 2025 ஏப்ரல் வரை, பதினான்கு மாதத்தில், 82 கிலோ 76 ஆயிற்று. அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் முழங்காலுக்குத் தெரியும். அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். ஆறு கிலோவுக்கு 24 கிலோ. இரண்டாயிரம் அடிக்கு 48,000 கிலோ. அதாவது 48 டன்! நிலக்கரி ஏற்றிய ஒரு பாக்ஸ்-என் வேகனின் மொத்த எடையே 81 டன் சொச்சம்தான். ஒரு நாளைக்கு அரை வேகனுக்கு மேல் பாரம் அவள் முழங்கால்களிலிருந்து இறங்கியிருக்கிறது. கணக்கைக் காட்டினேன். "இதையாவது ஒழுங்காகக் கணக்குப் போட்டீங்களே" என்றாள்.

ஆகவே இலக்கு எது என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் உடம்பு திரும்ப வராது. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றிலும் நன்மை தெரியும். 82 கிலோவுக்கு ஐந்து சதவீதம் என்றால் நாலு கிலோ. நாலு கிலோ என்று சொன்னால் முயற்சி செய்வார்கள். இருபத்தைந்து கிலோ என்று சொன்னால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

இது நடுவயதுப் பெண்களின் கதை மட்டும் இல்லை. எங்கள் மகளுக்குப் பத்தொன்பது வயதில் மாதவிலக்கு தாறுமாறாயிற்று. முகத்தில் முடி, இடுப்பில் எடை. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அது பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை ஹார்மோன் கோளாறு. 1935-லேயே ஸ்டெயின், லெவன்தால் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்து எழுதிவிட்டார்கள். ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இருக்கிறது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்ப்பதில்லை, அதனால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது, அது சினைப்பையை ஆண் ஹார்மோன் பக்கம் தள்ளுகிறது, எடையும் ஏறுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன சொல்லையும், அதைக் கேட்டு நாங்கள் அவளையே கடிந்துகொண்டதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. கல்யாணம் மருந்து அல்ல. பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் பேர் தெரியாத மூட்டு வலிப் பொடி ஒன்றை உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பத்தே நாளில் வலி பறந்தது. ஒரு மாதத்தில் முகம் பூரி போல உப்பியது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டைக் கலப்பது உண்டு என்றும், எடை ஏறுவதற்கு அதுவே காரணமாகலாம் என்றும் மருத்துவர் எச்சரித்தார். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்தாம். அவர் சொன்னபடி மெதுவாகத்தான் நிறுத்தினோம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும். ஆகவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

2025-ல் இந்தியக் கடைகளுக்கு வந்த வாரம் ஒருமுறை ஊசிகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடை முழங்கால் தேய்மானமும் உடல் பருமனும் உள்ள 407 பேரை வைத்துச் சோதித்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரி எடை 13.7 சதவீதம் குறைந்தது. வலியும் நன்றாகக் குறைந்தது. எனவே "ஊசி போட்டு இளைப்பது ஏமாற்று வேலை" என்று கேலி பேசுவது சரியல்ல. கண்ணாடி போடுவதை ஏமாற்று வேலை என்கிறோமா? ஆனால் ஜிம்மில் கிடைத்தது, சிநேகிதர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல இது. குடும்பத்தில் சில வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தவர்களுக்கு ஆகாது. மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. என் மனைவி இதுவரை வேண்டாம் என்றிருக்கிறாள். அது அவளுடைய தீர்மானம்.

"அப்படியானால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாதா? அக்கறையில்தானே சொல்கிறோம்" என்று கேட்பீர்கள். அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. என்னுடையதும் அக்கறைதான். ஆனால் பந்தியில், நாலு பேர் முன்னால், மாடிப்படியில் மூச்சு வாங்கும்போது சொல்லப்படும் அக்கறை காதில் வசையாகத்தான் விழும். அதைக் கேட்டு இளைத்தவரை நான் கண்டதில்லை. விழாவுக்கு வருவதை நிறுத்தியவரைக் கண்டிருக்கிறேன். தவிர, யார் யாரைச் சொல்வது? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். ஆண்களின் தொப்பையை மட்டும் "வசதி வந்துவிட்டது" என்று பாராட்டுகிறோம். பெண் உடம்புக்குத்தான் உபதேசம். சொல்லியே ஆக வேண்டும் என்றால் தனியே கூப்பிட்டு, "அக்கா, உடம்புக்கு எப்படி இருக்கு? டாக்டரைப் பார்க்கணும்னா நான் துணைக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். அந்த மாதிரி ஒருவர் 2018-லேயே கேட்டிருந்தால் எங்களுக்கு ஐந்து வருடம் மிச்சமாகியிருக்கும். கேட்டிருக்க வேண்டியவன் நான்.

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்கள் சில. பந்தியைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியாவிட்டால், படி ஏற முடியாதவர்களுக்காகக் கீழேயே இரண்டு மேசை போட்டு இலை போடுங்கள். நம் சங்கத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தைராய்டு, சர்க்கரை, முழங்கால் ஆகியவற்றைப் பற்றிச் சந்தேகம் கேட்க வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கச் சொல்லுங்கள். குடியிருப்பில் நீச்சல் குளம் உள்ள அன்பர்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் வயதான பெண்கள் தண்ணீரில் நடக்க அனுமதி வாங்கித் தர முடியுமா என்று பாருங்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

வரும் பொங்கலுக்கு அழைத்தபோது என் மனைவி இரண்டே நிபந்தனை சொன்னாள். "மாடி ஏறச் சொல்லாதீங்க. பாயசம் வேணுமா வேண்டாமான்னு என்னைக் கேட்கச் சொல்லுங்க." கேட்டால் அவள் அரைக் கரண்டி போதும் என்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அவள்தான் சொல்ல வேண்டும்.